மூன்று தாளில் வந்த மதாம்மா

போன மாதம் கிழக்குக் கோட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு சினிமா போஸ்டர். கதாநாயகியின் இடுப்பை மறைத்து யாரோ கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவரும் அந்த இடுப்பைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். நான் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவும் பக்கத்தில் நின்றார். "சார் காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் உண்டா?" என்று கேட்டார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. பஸ் படியில் நின்று சொல்லக்கூடிய பதிலும் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவராகத்துக்காரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்மநாபசுவாமி கோயில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகாராஜா சர்க்காரில் நகலெழுத்துக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களில் கற்றுக்கொண்டவை இரண்டு. காகிதத்தை ஓரம் பிசகாமல் மடிப்பது ஒன்று. 'முடியாது' என்பதை எதிராளி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகும்படி சொல்வது இன்னொன்று. அதன்பிறகு என்னை லைசென்ஸ் செக்‌ஷனில் போட்டார்கள். துப்பாக்கி, வெடிமருந்து, சினிமா ஹால் மூன்றும் எங்கள் செக்‌ஷன்தான். மூன்றும் எந்த நிமிஷமும் தீப்பிடிக்கக்கூடியவை என்று சர்க்கார் நினைத்திருக்க வேண்டும்.

படங்களை வெளியூரில் எங்கேயோ பார்த்து, வெட்டி, சான்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சுவரில் ஒட்டும் விளம்பரத் தாளுக்கு மட்டும் எங்கள் அதிகாரி கோவிந்தப் பிள்ளை சாரின் சங்கு முத்திரை விழ வேண்டும். முத்திரை இல்லாத தாள் சுவரில் ஏறினால் ஹாலின் லைசென்ஸ் போய்விடும். ஏறக்கூடாத தாளில் முத்திரை விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோவிந்தப் பிள்ளை சாரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். காலையில் பத்மநாபசுவாமியைத் தரிசிக்காமல் ஆபீஸ் படியேற மாட்டார். அந்த மாதிரியான மனுஷருக்கு அமெரிக்கக்காரன் அச்சடித்து அனுப்பும் மதாம்மாக்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உத்தியோகம் வாய்த்தது. (வெள்ளைக்காரிக்கு இங்கே மதாம்மா என்று பெயர்.) தலையெழுத்து என்று அவர் புலம்பியதில்லை. அதற்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டார்.

நெற்றிச் சந்தனம் உலரும்வரை எந்தத் தாளையும் தொட மாட்டார். பிறகு கண்ணாடியை மேல்முண்டின் நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு இடது கண்ணை மூடிக்கொள்வார். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பாதிப் பாவம் என்பது அவர் கணக்கு. நான் தாளை மேஜையில் விரிப்பேன். மூன்று கேள்வி வரும்: கை எங்கே, கால் எங்கே, துணி எங்கே? மூன்றுக்கும் பதில் இருந்தால் முத்திரை. சட்டையில்லாத ஒரு மல்லன் மார்பைக் காட்டிக்கொண்டு நின்ற தாளை யோசிக்காமல் பாஸ் செய்தார். "நாமும் அங்ஙனேயல்லே அம்பலத்துக்குப் போறோம்" என்றார், கோயிலுக்கு மேல்சட்டையில்லாமல் போவதை நினைத்து. கழுத்துவரை கோட்டும் கையில் உறையும் போட்ட ஒரு துரைசானியின் தாளைத் தள்ளிவிட்டார். அவள் மேஜைமேல் கால் வைத்திருந்தாள்.

அவரை நான் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் மேல் எனக்கு அன்றைக்கும் மரியாதை உண்டு, இன்றைக்கும் உண்டு. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

புத்தன்சந்தைப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சினிமா ஹால் இருந்தது. அதை நடத்தியவர் ஞானமுத்து நாடார். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே சொந்த ஊர். ஞாயிறு காலையில் சபையில் பாட்டை எடுத்துக்கொடுப்பார், ஞாயிறு மாலையில் ஹால் வாசலில் டிக்கெட் கிழிப்பார். இரண்டையும் ஒரே குரலில் செய்வார். சொந்த பந்தமெல்லாம் பனையையும் கருப்பட்டியையும் நம்பி இருக்க, இவர் ஒருவர்தான் பட்டணத்துக்கு வந்து வெளிச்சத்தை விற்றார். அந்த ஹால்தான் அவருக்கு எல்லாம்.

ஒரு பங்குனியில், இங்கத்துக் கணக்கில் மீன மாசம், ஆறாட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால், சுருட்டின தாள்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். புது அமெரிக்கப் படம். ஆறாட்டன்று சுவாமி நீராடச் சங்குமுகம் கடலுக்குப் போகும்போது மகாராஜா வாளேந்தி முன்னே நடப்பார், ஊரே திரண்டு வரும். அந்த வழியில் ஞானமுத்துவுக்குச் சுவர்கள் உண்டு. ஆறாட்டுக் கூட்டத்தின் கண்ணில் தாள் பட்டுவிட்டால் ஹாலுக்கு அந்த வருஷம் கவலையில்லை.

"அங்க அவுக ஊர்லயே பாதிரிமாரு எல்லாம் கூடிப் பேசி, அங்கங்க வெட்டி, சரீன்னு விட்ட படமாக்கும் சாரே" என்று உத்தரவாதம் கொடுத்தார். பாதிரிமார் பார்த்தார்கள் என்றதும் கோவிந்தப் பிள்ளை சாருக்குப் பாதி நிம்மதி.

அதுவரை வந்தவை எல்லாம் ஒரே தாளில் அடங்கும் சின்னப் போஸ்டர்கள். இது ஆளைவிட உயரமானது. அவ்வளவு பெரிய காகிதம் ஒரே மெஷினில் ஓடாது என்பதால் மூன்று துண்டாக அச்சடித்திருந்தார்கள். சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து ஒட்ட வேண்டும். எங்கள் மேஜை ஒரு தாளுக்கே போதவில்லை. ஆகவே ஒவ்வொன்றாக, நீளவாட்டில் கிடத்தி விரித்தேன்.

முதல் தாளில் ஒரு மதாம்மாவின் முகம். பக்கவாட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அப்பால் ஓர் ஆணின் தலை, முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. "பிரார்த்தனை" என்றார் சார். "அவன் நோக்காமல் திரும்பி நிக்கறான். மரியாதைக்காரன்." பிறகு குனிந்து அவள் கன்னத்தைப் பார்த்தார். அங்கே ஒரு துளி இருந்தது. "வியர்க்கறது. அவாளுக்கும் மீன மாசம் போலிருக்கு" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

இரண்டாம் தாளில் ஆளே இல்லை. வெளிர் மஞ்சளாக ஒரு பரப்பு, நடுவே மெல்ல ஒரு மேடும் பள்ளமும். ஓரத்தில் செம்பழுப்பாக என்னவோ கால் பரப்பிக்கொண்டிருந்தது. கை எங்கே என்றார். காணவில்லை. கால் எங்கே என்றார். அதுவும் இல்லை. துணி எங்கே என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஆள் இல்லாத இடத்தில் துணி எதற்கு? கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "கடப்புறம். மணல்மேடு. அது நண்டு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சங்குமுகம் கடற்கரையில் சாயங்கால வெயிலில் மணல் அப்படித்தான் இருக்கும். முத்திரை விழுந்தது.

மூன்றாம் தாளில் தரையில் புரளும் பாவாடை நுனி, பூட்ஸ் போட்ட இரண்டு கால், குதிகால் உயர்ந்த செருப்புப் போட்ட இரண்டு கால். "நாலு காலும் மூடியிருக்கு. நல்ல குடும்பம்" என்றார்.

ஆறாட்டுக்கு முந்தின நாள் காலை, மேலிடத்திலிருந்து ஒரு சேவகன் காகிதத்தோடு வந்தான். மேற்குக் கோட்டைச் சுவரில், சுவாமி எழுந்தருளும் வழியில், முதுகில் ஒட்டுத் துணியில்லாத ஒரு மதாம்மாவை ஒருவன் கட்டித் தழுவிக்கொண்டு நிற்பதாகவும், அவர்கள் மேல் சர்க்காரின் சங்கு முத்திரை மூன்று இடத்தில் இருப்பதாகவும் பெரிய மனிதர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அனுமதித்தது யார் என்று மாலைக்குள் விளக்கம் வேண்டும். ஹால் லைசென்ஸை ரத்து செய்யச் சிபாரிசும் கூடவே வேண்டும்.

சார் அதை இரண்டு கண்ணாலும் படித்தார்.

"இது எந்த மதாம்மா? நாம பாத்தது கடப்புறமல்லே?" என்றார்.

என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். நான் போனேன். மேற்குக் கோட்டையில் கூட்டம் பிதுங்கியது. புகார் கொடுத்த பெரிய மனிதர்களும் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தார்கள். தாள்கள் நிமிர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பிசகே இல்லாமல் ஒட்டியிருந்தன. திரும்பி வந்து சாரின் முன்னால் நின்றேன். 

"சார், அந்த மணல்மேடு மதாம்மாவோட முதுகு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நண்டு?" என்று கேட்டார்.

"அது அவனோட கை சார்."

ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் தலைமைக் குமாஸ்தாவுக்கு இருமல் வந்து அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து ஒரு வழி சொன்னார். இந்தத் தாள்கள் நம்மிடம் வரவே இல்லை, நாடார் முத்திரையைத் தானே செய்து குத்திக்கொண்டார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஆபீஸ் தப்பிவிடும் என்றார். பழியை யார் தலையில் கட்டுவது என்பதில் அவருக்கு நல்ல அனுபவம். ஞானமுத்து அப்போதுதான் வந்து வாசலில் நின்றிருந்தார். அது அவர் காதில் விழுந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு வரி போனால் லைசென்ஸ் மட்டுமல்ல, மனுஷரே ஜெயிலுக்குப் போவார்.

கோவிந்தப் பிள்ளை சார் தலைமைக் குமாஸ்தாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முத்திரை என்னுது. அது மாறாது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

ஆனால் வழி என்ன? கிழித்துவிடலாம் என்றால், சங்கு சுவாமியின் அடையாளம், அது விழுந்த காகிதத்தைக் கிழிக்க அவர் சம்மதிக்க மாட்டார். மேலும் கிழித்தாலோ இறக்கினாலோ அனுமதித்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தப்பான அனுமதி என்றாலும் ஹால் மூடத்தான் வேண்டும். கடைசியில் சார், சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு மதாம்மாவின் முதுகில் நல்ல கட்டியாக ஒரு சட்டை எழுதிவிடலாம் என்றார். செலவு ஞானமுத்துவுடையது.

ஞானமுத்து அதுவரை கைகட்டி நின்றவர். சட்டை என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை அது.

"எழுதச் சொல்லுதேன் சாரே. ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார். "எங்க அப்பனுக்க அத்தை ஒருத்தி, மேல சட்டை போட்டுட்டுச் சந்தைக்குப் போனா. உனக்கெல்லாம் சட்டையான்னு சொல்லி நடுச்சந்தையில வச்சுக் கிழிச்சுப் போட்டாவ. அவ சாவுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவா. இன்னைக்கு எவளோ முகம் தெரியாத மதாம்மைக்கு, சட்டை போடு, போடலன்னா ஹாலைப் பூட்டுன்னு ஆபீஸே சொல்லுது. போட்டிருதேன். அந்த அத்தை இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார். நாடார் பெண்கள் மேல்துணி போடக்கூடாது என்றிருந்த அந்த ஊர்ப் பக்கத்துப் பழைய கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் பேசுகிறதில்லை. சந்தையில் கிழித்தவர்கள் யார், கிழிபட்டவர்கள் யார் என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

சார் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வந்ததும், "சட்டை வேண்டாம்" என்றார்.  நாற்காலியில் சாய்ந்து, மூன்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் பத்மநாபசுவாமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அனந்தன் மேல் பள்ளிகொண்ட அவ்வளவு பெரிய திருமேனியை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. மூன்று வாசல். ஒன்றில் திருமுகம், ஒன்றில் நாபி, ஒன்றில் திருவடி. முப்பது வருஷம் தினமும் அப்படியே தொழுத மனுஷருக்கு வழியும் அதே ரூபத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னது இதுதான் (என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்): "சாமி, நாம அனுமதிச்சது மூணு தாள். சேத்து ஒட்ட யாரும் கேக்கல, நாம கொடுக்கவும் இல்ல. தனித்தனியா எதிலயாவது தப்பு உண்டோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லைதான்.

அந்த விளக்கத்தை நான்தான் நகல் எடுத்தேன். தாள்கள் தனித்தனியே பரிசோதித்து முறைப்படி அனுமதிக்கப்பட்டவை. பிழை இணைப்பில் மட்டுமே. இணைப்பு பற்றி விதி ஏதும் இல்லாததால் ஹால்காரர் மேல் குற்றமில்லை. இணைப்பு இன்றே நீக்கப்படும்.

அன்று மாலையே நீக்கினோம். ஈரச் சாக்கைச் சுவரில் போர்த்தி மரச்சீனிக் கிழங்குப் பசையை ஊறவிட்டு, நுனி கிழியாமல் உரித்தெடுத்தார்கள். சார் குடையோடு வந்து நின்று மேற்பார்வை செய்தார், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "இறங்கியாச்சோ? கிழியலையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஒருதரமும் திரும்பவில்லை. அங்கே இரண்டு முதுகு தெரிந்தது. முகத் தாளை மேற்குக் கோட்டையிலேயே விட்டார்கள். மணல்மேட்டைப் பாதி வழியில் உள்ள வள்ளக்கடவில் ஒட்டினார்கள். நாலு காலும் சங்குமுகம் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் ஆறாட்டு. சுவாமி போனார், யானை போனது, மகாராஜா நேரே பார்த்து நடந்தார். ஒரு குறையும் இல்லை. பெரிய மனிதர்கள் மேற்குக் கோட்டையில் சுவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே மதாம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், கைகூப்பாத குறைதான். அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் ஜனங்களை என்ன செய்வது? முதல் நாள் முழுசாகப் பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொல்லிவிட்டான். முகத்தைப் பார்த்தவர்கள் மீதி எங்கே என்று கேட்டார்கள். வள்ளக்கடவில் இருக்கு என்று பதில் வந்தது. வள்ளக்கடவில் மணல்மேட்டின் முன்னால் நின்று, இது முதுகா தோளா என்று பட்டிமன்றமே நடந்தது. திருவடி கடற்கரையில் என்றார்கள். வழக்கமாகப் பாதி வழியில் திரும்பிவிடும் சோம்பேறிகள்கூட அந்த வருஷம் சங்குமுகம்வரை நடந்தார்கள். அவர்கள் பக்தி பெருகியதைக் கண்டு சாருக்கு ஒரே மகிழ்ச்சி. அப்புறம் மூன்றும் எப்படிச் சேருகிறது என்று பார்க்க அத்தனை பேரும் புத்தன்சந்தைக்குப் போனார்கள். ஞானமுத்து சர்ச்சிலிருந்து பெஞ்சு கடன் வாங்கிப் போட்டார்.

மேலிடத்தில் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். லைசென்ஸுக்கு ஒரு கீறலும் விழவில்லை. இனிமேல் துண்டு துண்டாக வரும் தாள்களைச் சேர்த்து வைத்தே பரிசோதிக்க வேண்டும் என்று மட்டும் உத்தரவு வந்தது. அதற்காக எங்களுக்கு ஒரு பெரிய மேஜை கிடைத்தது.

அடுத்த சிங்ங மாசம், ஆவணியில், கோவிந்தப் பிள்ளை சார் ரிட்டயர் ஆனார். கடைசி நாள், மாலை போட்டு, பேசி, எல்லோரும் கலைந்தபின் என்னைக் கூப்பிட்டார். ஏதோ கேட்கக் கூச்சப்பட்டார். பிறகு, "சாமி, அந்தப் படத்தோட வேற தாள் நாடார் கையில் உண்டோ? முழுசா நான் பாக்கவேயில்லை" என்றார்.

சொல்லி அனுப்பினேன். ஞானமுத்துவே ஒட்டாமல் மிஞ்சிய மூன்று தாள் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய மேஜையும் போதவில்லை. தரையில் விரித்து மூன்றையும் சேர்த்தோம். நின்ற இடத்திலிருந்து முழுசாகத் தெரியவில்லை என்று சார் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறினார். ஆளுக்கு ஒரு பக்கமாக நானும் ஞானமுத்துவும் பிடித்துக்கொண்டோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அன்றைக்கு இடது கண்ணை மூடவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கை வலித்தது.

"வியர்வை இல்லை, சாமி" என்றார். "அவ அழறா."

நான் குனிந்து பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். ஊரே முதுகைப் பார்த்தது, நானும் அதைத்தான் பார்த்தேன். ஞானமுத்து, "ஆமா சாரே. அவன் கப்பல் ஏறிச் சண்டைக்குப் போறான். அது வழியனுப்புற எடமாக்கும்" என்றார்.

சார் மெதுவாக இறங்கினார். தாள்களை அவரே குனிந்து, ஒன்றின்மேல் ஒன்று மடங்காமல் சுருட்டினார். சுருட்டி ஞானமுத்துவின் கையில் கொடுக்கும்போது, "இது தெரிஞ்சிருந்தா பிரிச்சு ஒட்டச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

பிரித்து ஒட்டியதால்தான் ஹால் நிறைந்தது என்று சொல்லத்தான் ஞானமுத்து வாயெடுத்தார். சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.